ஆட்டமிழக்காத ஆல்ரவுண்டர்

2024 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். வெப்பம் முப்பத்து மூன்று டிகிரி. மழை வரும் என்று கைப்பேசி அறிவித்திருந்தது. ஆகவே வராது என்று முடிவு செய்து, குடையை வீட்டிலேயே வைத்துவிட்டு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பாய் கடைக்கு வந்து சேர்ந்தேன். நண்பன் எனக்கு முன்பே வந்து, பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங் குடித்துக்கொண்டிருந்தான். சர்க்கரை நோய்க்காக டீயில் சீனி போடமாட்டான். அந்தத் தியாகத்தை ஈடுகட்ட இரண்டு ரொட்டி சானாய் சாப்பிடுவான்.

கிள்ளானில் இருந்து சனிக்கிழமை தவறாமல் ரயிலேறி வருகிறவன் அவன். இருவரும் அரசாங்க எழுத்தர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். உலகத்தில் தீர்க்கப்படாத பிரச்சினைகள் எத்தனையோ இருக்க, நாங்கள் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: கிரிக்கெட் வரலாற்றில் தலைசிறந்த ஆல்ரவுண்டர் யார்? ஓய்வு பெற்ற நாளிலிருந்து இந்த விசாரணை நடக்கிறது. தீர்ப்பு வந்துவிட்டால் சனிக்கிழமை என்ன செய்வது என்று இருவருக்குமே தெரியாது.

ஆட்டக்காரர்களின் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் படிப்பவர்களில் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள், எனக்கு இருக்கிற சண்டையே போதும். என் ஆள் ஒரு மேற்கிந்தியர். அவன் ஆள் ஓர் இந்தியர்.

"உலகக் கோப்பைய கையில வாங்கினவர்டா. அதுக்கு மேல என்ன வேணும்?" என்றான் அன்றும்.

"கோப்பையைப் பதினோரு பேர் சேர்ந்து வாங்கினார்கள். கணக்கைப் பார்."

என் கணக்கு மிக எளியது. ஓட்டங்களை, ஆட்டமிழந்த தடவைகளால் வகுத்தால் மட்டையின் சராசரி. கொடுத்த ஓட்டங்களை, எடுத்த விக்கெட்டுகளால் வகுத்தால் பந்தின் சராசரி. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் ஆளின் தரம். இங்கிலாந்துக்காரர், பாகிஸ்தானியர், நியூசிலாந்துக்காரர், தென்னாப்பிரிக்கர் என்று எல்லாரையும் கழித்துப் பார்த்துவிட்டேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். என் நண்பனுக்குப் புரியாது.

"இது கழித்தல்லா, கிரிக்கெட் இல்ல. உன்கிட்ட கல்யாணப் பொண்ணக் காட்டினாலும் நகையிலிருந்து செலவக் கழிச்சிட்டுத்தான் அழகா இல்லையான்னு சொல்லுவ."

கல்லாவில் இருந்த பாய் சிரித்தார். பக்கத்து மேசையில், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் கணினிக்காரர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். இருபது ஓவரில் முடிந்துவிடும் ஆட்டத்தைக் கிரிக்கெட் என்று நம்பி வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்கள் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கைப்பேசியை எடுத்தேன். எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் பதினான்கு பேர். தினமும் காலையில் ஒருவருக்கொருவர் ரோஜாப்பூ அனுப்பிக்கொள்வதைத் தவிர வேறு தீங்கு செய்யாத குழு. அதில் எழுதினேன்: "முறையான ஆட்டத்தில் ஆடிய ஆல்ரவுண்டர்களில், இந்தக் கழித்தலில் என் ஆளை மிஞ்சுகிற ஒருவரை யாராவது காட்டினால், குழு முழுவதுக்கும் வாழையிலைச் சாப்பாடு என் பெலாஞ்சா. அதன் பிறகு 'சராசரி' என்ற சொல்லை என் வாயால் சொல்லமாட்டேன்."

மூன்று முறை எழுத்துப்பிழை பார்த்துவிட்டு அனுப்பினேன். எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

இந்த ஊரில் கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம், வீட்டுக்கடனைத் தள்ளிப்போடலாம். பெலாஞ்சா, அதாவது என் செலவில் விருந்து, என்று வாயால் சொல்லிவிட்டால் அது கல்வெட்டு. ஒருவன் எப்போதோ தனக்குப் பதவி உயர்வு கிடைத்தால் பெலாஞ்சா என்று சொல்லிவிட்டு, கிடைத்த பிறகு மறந்துபோனான். அவன் இறுதிச் சடங்கில்கூட அதைத்தான் பேசினார்கள்.

பணத்தைப் பற்றி எனக்குக் கவலை உண்டு, மறைக்கவில்லை. ஆனால் சராசரியைப் பற்றிப் பேசக்கூடாது என்றால் நான் என்னதான் பேசுவது? அரசியலா? என் முழங்காலைப் பற்றியா? அதை எல்லாரும் கேட்டு முடித்துவிட்டார்கள்.

குழுவில் யாரும் ஆட்டக்காரரைத் தேடியதாகத் தெரியவில்லை. செராஸில் இருக்கும் ஓய்வு பெற்ற மருத்துவமனைத் தாதி ஒரு ரோஜாப்பூ அனுப்பினார். பந்திங்கில் இருக்கும் எங்கள் பழைய சகா, "மட்டனா, கோழியா?" என்று மட்டும் கேட்டார். நான் ஒவ்வொரு நாட்டு டெஸ்ட் ஆட்டக்காரர்களையும் மறுபடி சரிபார்த்தேன். ஓரிரு ஆட்டம் ஆடிவிட்டுக் காணாமல் போனவர்கள் கொஞ்சம் பயமுறுத்தினார்கள். அவர்களைத் தேடுகிற பொறுமை எங்கள் குழுவில் எவருக்கும் கிடையாது என்பதால் தைரியமாக இருந்தேன். வியாழக்கிழமை நண்பனிடமிருந்து செய்தி வந்தது: "ஆள் கிடைச்சாச்சு. சனிக்கிழமை பாய் கடைக்கு எல்லாரும் பசியோட வாங்க."

பசியோடு வந்தார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் நான்கு மேசைகளை ஒன்றாக இழுத்துப் போட்டிருந்தார் பாய். நடுவர் வேலையையும் அவரே ஏற்றுக்கொண்டார். யார் தோற்றாலும் சோறு விற்பவர் நடுவராக இருப்பதில் உள்ள நியாயத்தை நான் ஒருவன்தான் கேள்வி கேட்டேன்.

"சரி, யார்டா அந்த ஆள்?" என்றேன்.

"நான்தான்."

யாரும் கேட்பதற்குள் அவனே விவரத்தையும் சொன்னான்.

"கிள்ளான் பாடாங் திடல். உன் இலாகாவுக்கும் என் இலாகாவுக்கும் நடந்த மேட்ச். வெள்ளை உடுப்பு, ரெண்டு அம்பயர், எல்லாம் முறைப்படி. ஒன்பதாவதா இறங்கி பதினோரு ரன், நாட் அவுட். ரெண்டு ஓவர் போட்டேன், நாலு ரன், ஒரு விக்கெட். அடுத்த மாசம் கல்யாணம். வீட்டுல வேணாம்னுட்டாங்க. அதுக்கப்புறம் ஆடவே இல்ல."

"அந்த ஒரு விக்கெட்டு யாரோடதுண்ணே?" என்று கேட்டார் பாய்.

"இந்தா, உங்க எதிர்ல உக்காந்திருக்காரே, இவரோடது. எல்பிடபிள்யூ."

"அது எல்பிடபிள்யூவே இல்லை!" என்று எழுந்தேவிட்டேன். "பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. கை தூக்கிய அம்பயர் இவனுடைய தலைமை எழுத்தர்!"

"பாத்தீங்களா பாய்? மேட்ச் நடந்ததுக்கு இவரே சாட்சி."

உட்கார்ந்தேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அடக்கி வைத்திருந்த புகாரை, அதுவரை யாரும் கேட்காத புகாரை, தவறான நேரத்தில் சரியான இடத்தில் சொல்லிவிட்டேன்.

"பந்து சராசரி நாலு," என்றான். "மட்டைக்கு நீயே கணக்குப் போடு."

பதினொன்றை ஆட்டமிழந்த தடவைகளால் வகுக்க வேண்டும். அவன் ஆட்டமிழக்கவே இல்லை. "பூஜ்யத்தால் வகுக்க முடியாது," என்றேன்.

"முடியாதுன்னா என்னடா அர்த்தம்? உன் கணக்குக்கே எட்டாத ஆளுன்னு அர்த்தம்லா!"

பந்திங்காரர் மேசையைத் தட்டினார். செராஸ் தாதி கைதட்டினார். அன்றும் பக்கத்து மேசையில் இருந்த கணினிக்காரர்களில் ஒருவன், "அங்கிள், இன்ஃபினிட்டி!" என்று கூவினான். கல்வி எங்கெல்லாம் பயன்படுகிறது.

தப்பிக்க எனக்கு ஒரு வழி இருந்தது. அன்று ஒரே ஒரு தடவை அவன் ஆட்டமிழந்ததாக இருந்திருந்தால், பதினொன்றில் நாலு போக ஏழு. என் மேற்கிந்தியரின் மிச்சம் அதைப்போல மும்மடங்குக்கும் மேல். ஒரு ரன் அவுட் போதும். அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இங்கே இல்லை. அவன் வார்த்தைக்கு எதிராக என் வார்த்தை. இந்த மேசையில் கணக்கு விஷயத்தில் என் வார்த்தைதான் செல்லும்.

பாய் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கண்ணே. அன்னைக்கு இவரு அவுட்டா, இல்லையா?"

நண்பனும் பார்த்தான். அவன் சிரிக்கவில்லை. கடைசிப் பந்தை அவன் தடுத்து நின்றது, மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஏதோ லார்ட்ஸ் மைதானத்தில் ஆடிவிட்டுப் போகிறவன் மாதிரி நடந்து போனது, எல்லாம் நினைவிருந்தது. அந்த நடை அன்றே எனக்குப் பிடிக்கவில்லை.

"நாட் அவுட்," என்றேன். "பதினொன்றில் இரண்டு ஓட்டம் எங்கள் ஃபீல்டரின் முட்டாள்தனத்தால் வந்தது. இருந்தாலும் நாட் அவுட்."

"இலையப் போடு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார் பாய்.

பதினான்கு பேர் என்று நினைத்திருந்தேன். பதினான்கு பேர் என்றால் அவர்கள் மனைவி, கணவன்மாரும் சேர்த்தி என்பது எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. பந்திங்காரர் தம் சம்பந்தியையும் சுபாங் ஜெயாவிலிருந்து வரவழைத்திருந்தார். வரலாற்றின் தலைசிறந்த ஆல்ரவுண்டர் மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்து, மருத்துவர் வேண்டாம் என்று சொன்ன மட்டன் பிரட்டலை இரண்டாவது தடவை வாங்கினார். எனக்குப் பக்கத்தில் இலை போட்டிருந்த சம்பந்தி, "நீங்க ஏதோ கிரிக்கெட் கணக்கெல்லாம் நல்லாச் சொல்வீங்களாமே," என்றார். நான் ரசத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினேன்.

இருபத்து மூன்று இலைகள், மட்டன், மீன், அப்பளம், தண்ணீர் எல்லாம் சேர்த்து நானூற்று எண்பத்தாறு ரிங்கிட் நாற்பது சென்.