காலிக் கவர் அனுப்பிய கப்பல்

கல்யாணமாகி நான் மலாக்கா காஜா பெராங்குக்கு வந்தபோது, என் கணவருக்கும் கடற்படைக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதாகத் தெருவே நம்பிக்கொண்டிருந்தது. தொடர்பு நெருக்கம்தான். கடல்தான் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. கிளேபாங் கரையில் நின்று அலையைப் பார்த்தாலே முகம் வெளுத்துவிடும். பகலெல்லாம் பொதுப்பணி அலுவலகத்தில் குமாஸ்தா. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியதும் அட்மிரல்.

அவர் சேர்த்தது கப்பல் கவர்கள். ஒரு கவரில் தன் பெயரையும் விலாசத்தையும் தானே எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, அதை ஒரு பெரிய கவருக்குள் வைத்து ஏதாவது ஒரு போர்க்கப்பலின் கேப்டனுக்கு அனுப்புவார். கூடவே மிகப் பணிவான ஓர் ஆங்கிலக் கடிதம். கப்பலில் யாருக்காவது மனமும் நேரமும் இருந்தால், சின்னக் கவரில் கப்பலின் முத்திரைச் சாப்பைக் குத்தித் தபாலில் போடுவார்கள். தனக்குத் தானே அனுப்பிய கவர் வந்து சேர்ந்ததும் இவர் பூரித்துப்போவார். பிரிக்கவே மாட்டார். உள்ளே ஒன்றும் இல்லாததால் படிக்கிற சிரமமும் இல்லை.

இந்தக் கலையை அறியாத என் மாமியார் ஒருநாள் ஒரு கவரைக் கிழித்துவிட்டார். அப்போது பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாளும் எங்கள் வீட்டில் இருந்தார். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழ் வம்சம். கோயிலில் எங்களுக்கு முன்னால் போய் நிற்பார், ஆனால் பேசுவதெல்லாம் மலாய்தான்.

“சூராட் டாரி சியாப்பா?” என்று கேட்டார், யாருடைய கடிதம் என்று.

மாமியார் கவரைக் கவிழ்த்து உதறினார். “கோசோங்,” என்றார். காலி.

செட்டி அம்மாள் என்னை இரக்கத்தோடு பார்த்தார். ஒரு வாரத்தில் கதை தயாராகிவிட்டது. கடற்படையில் இவருக்கு வேண்டியவள் ஒருத்தி இருக்கிறாளாம். துக்கத்தில் எழுத முடியாமல் வெறும் கவரை அனுப்புகிறாளாம். போர்க்கப்பலில் பெண் எங்கிருந்து வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. நல்ல கதையை யார் கெடுப்பார்கள்?

மெர்டேகா, அதாவது சுதந்திரம், கிடைத்துச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. புது நாட்டுக்குப் போர்க்கப்பல் வேண்டும் என்று வெள்ளைக்காரர்களிடமிருந்து ஒரு பழைய கப்பலை வாங்கினார்கள். உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் துரத்திய கப்பல். ஸ்காட்லாந்தில் எங்கோ இருக்கும் ஓர் ஏரியின் பெயர் அதற்கு. அந்தப் பெயரை அழித்துவிட்டு, மலாக்கா சுல்தானின் பழைய வீரர் பெயரை எழுதினார்கள். வீரர் யாரென்று சொல்லத் தேவையில்லை. இந்த ஊரில் கிணற்றுக்கும் அவர் பெயர், சாலைக்கும் அவர் பெயர்.

“நம்ம ஊரு வீரன் பேரு! எவ்வளவு பெருமை தெரியுமா?” என்றார் என் கணவர்.

“ராஜா சொன்னாருன்னு சிநேகிதனையே கொன்னவர்தானே?”

“அது விசுவாசம்.”

“சிநேகிதனுக்கு அது தெரியுமா?”

அட்மிரல் கவர்களைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். எனக்கு வேறொன்றும் தோன்றியது. கப்பல் பெயர் மாறினால் பேண்டு வாசிக்கிறார்கள், கொடி ஏற்றுகிறார்கள். கல்யாணத்தில் என் பெயருக்குப் பின்னால் இவர் பெயர் வந்தபோது எனக்குக் கிடைத்தது அம்மிதான்.

பழைய ஏரிப் பெயர் சாப்பு குத்திய கவர் ஒன்று அவரிடம் இருந்தது. புதுப் பெயரில் ஒன்று வந்துவிட்டால் ஜோடி சேர்ந்துவிடும். இரண்டு முறை அனுப்பினார். பதிலே இல்லை. அவர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தபோது, கப்பலே மலாக்காவுக்கு வருகிறது, பொதுமக்கள் ஏறிப் பார்க்கலாம் என்று பத்திரிகையில் செய்தி வந்தது.

மலாக்காக் கடல் சேறும் ஆழமில்லாத தண்ணீரும்தான். கப்பல் தொலைவிலேயே நின்றுவிட்டது. ஆற்று முகத்திலிருந்து படகில் போக வேண்டும். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் கவர்க் கட்டு, பக்கத்தில் நான். படகு ஆற்றைத் தாண்டியதுமே அவர் கவர்க் கட்டை என்னிடம் கொடுத்துவிட்டுக் கடலுக்குத் தலை குனிந்தார். கப்பலில் இரண்டு மாலுமிகள் கைத்தாங்கலாக ஏற்றி, பீரங்கியின் நிழலில் படுக்க வைத்தார்கள். இத்தனை ஆண்டு பணிவாகக் கடிதம் எழுதியவருக்குக் கடற்படை தந்த மரியாதை அது.

அந்த மாலுமிகளில் ஒருவர் தமிழர், சிரம்பான்காரர். “அக்கா, அண்ணனை இங்கயே விடுங்க. நீங்க வாங்க, சுத்திக் காட்டுறேன்,” என்றார். எல்லாவற்றையும் நான்தான் பார்த்தேன். கப்பலின் மணியில் இன்னும் அந்த ஏரியின் பெயர்தான் செதுக்கியிருந்தது.

“மாத்தலையா?”

“மணியை மாத்த மாட்டாங்கக்கா. மொதப் பேரு அதுலயே இருக்கும்.”

கப்பலுக்காவது அந்தச் சலுகை இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

தபால் அறையில் அந்த மாலுமியே என் கணவரின் கவர்கள் எல்லாவற்றிலும் சாப்பு குத்தினார். கடைசிக் கவர் வெறுமையாக இருந்தது.

“இதுல விலாசம் இல்லையேக்கா?”

என் பெயரை எழுதினேன். என் பெயரை மட்டும், பின்னால் அவர் பெயர் இல்லாமல். கீழே வீட்டு விலாசம். ஒரு தாள் கேட்டு வாங்கி, “உன் கணவர் நலம். பீரங்கிக்குக் கீழே படுத்திருக்கிறார்,” என்று எழுதி உள்ளே வைத்து ஒட்டினேன். மாலுமி சிரித்துக்கொண்டே சாப்பை ஓங்கிக் குத்தினார்.

திரும்பும் படகில் என் கணவர் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தெருவில் பத்தடி முன்னால் நடக்கிற மனிதர். படகில் எத்தனையோ பேர் பார்த்தார்கள். கரை இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தால் என்ன என்று எனக்கு இருந்தது.

அந்த வாரமே கவர்கள் வந்தன. அவருடையவை மழையில் நனைந்து சாப்பு கலங்கிப்போயிருந்தன. என்னுடையது மட்டும் பளிச்சென்று இருந்தது. அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதை எனக்குக் குடும்மா.”

“உள்ள கடிதம் இருக்கு. படிச்சிட்டு எடுத்துக்குங்க.”

பிளேடால் ஓரத்தை மெல்லக் கீறித் தாளை எடுத்தார். படித்தார். காது சிவந்தது. தாளை நாலாக மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, “கவர் மட்டும் போதும்,” என்றார்.