மணப்பாட்டுக்குத் துட்டி கேட்கப் போனது

மணப்பாட்டுக்கு எல்லாரும் கோயில் பார்க்க, கடல் பார்க்கப் போவார்கள். எழுபதுகளின் நடுவில், ஒரு கோடையில், நான் துட்டி கேட்கப் போனேன். தூத்துக்குடியில் என்னோடு ஒரே சரக்குக் கிட்டங்கியில் ஐந்து வருஷம் வேலை பார்த்த மணப்பாட்டுச் சூசையின் மனைவி ரோஸ்மேரி மஞ்சள்காமாலையில் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் மாற்றலாகிச் சேலத்தில் இருந்ததால் சேதியே தாமதமாகத்தான் வந்தது.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் நாற்பது கிலோமீட்டர். காலை பத்தரை பஸ்ஸில் பக்கத்தில் ஒரு நாசரேத் டீச்சர். ஆறுமுகநேரி உப்பளம் வருவதற்குள், மகன் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டதைச் சொல்லி அழுதே விட்டார். "ஒங்ககிட்ட ஏன் சொல்லுதேன்னு எனக்கே தெரியல தம்பி" என்றார். எனக்கும் தெரியவில்லை. அவர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

திருச்செந்தூரில் வண்டி மாறி, குலசேகரன்பட்டினம் வழியாக இன்னும் பதினெட்டு கிலோமீட்டர். சொல்ல வேண்டிய ஆறுதலை வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

சூசை வீட்டு வாசலிலேயே நின்றான். "வாலே. பஸ்ல இடம் கெடச்சுதா?"

"கெடச்சுது."

"மணலு சுட்டிருக்குமே."

அப்புறம் சேலத்தில் மீன் என்ன விலை, மேட்டூர் மீன் வாயில் வைக்க விளங்குமா என்று கேட்டான். நான் மெல்ல, "ரோஸ்மேரி..." என்று ஆரம்பித்தேன். "சாளை மீனு அவிச்சிருக்கேன், சாப்புடு" என்றான். சாப்பிட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். "கச்சான் காத்து எறங்கிட்டுலே" என்றான். எனக்குக் கோபமே வந்துவிட்டது. பஸ்ஸில் முன்பின் தெரியாத அம்மா மனசைக் கொட்டுகிறார், இவன் மீனைப் பேசுகிறான். மறந்துவிட்டானா, மறைக்கிறானா, இல்லை, நான் வந்ததே பிடிக்கவில்லையா? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மணப்பாட்டுக்குப் போகிறவர்கள் கடைசி பஸ்ஸை நம்ப வேண்டாம், நாலு மணி வண்டியைப் பிடியுங்கள். நானும் அதற்குத்தான் எழுந்தேன். எங்கள் பக்கம், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும், துட்டி வீட்டில் விடைபெற மாட்டார்கள். பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். 'வாரேன்' என்று சொன்னால் துக்கமும் திரும்பி வருமாம். இரண்டு மணி நேர மீன் பேச்சில் எனக்கு அது மறந்தே போயிற்று. செருப்பை மாட்டிக்கொண்டே, "சரி சூசை, போயிட்டு வாரேன்" என்றுவிட்டேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். சூசை வாசல் நிலையைப் பிடித்தபடி என்னையே பார்த்தான்.

"ரெண்டு மாசமா வந்தவன் பூரா சொல்லாம கொள்ளாமத்தான் எந்திச்சுப் போறானுவ" என்றான். "அவளும் அப்படித்தானலே போனா."

அப்படியே உட்கார்ந்து அழுதான். நான் ஒத்திகையை விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாலு மணி வண்டி போய்விட்டது. அன்று இரவு அவன் ரோஸ்மேரியைப் பற்றி மட்டுமே பேசினான்.

எந்தப் பேச்சு மேலோட்டம், எது ஆழம் என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. ஊர் வழக்கத்தை மீறச் சொல்லியும் நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன். மறுநாள் காலை கிளம்பும்போது, சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன்.

"சொல்லிட்டுப் போலே" என்றான் சூசை.