இரண்டு பராக்குக்காரிகளில் ஒருத்தி

புதுவயல் மில் ஒன்றிலிருந்து சென்னைக்கு ஓர் அர்ஜண்ட் கால் பதிவாகியிருந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் போர்டில் அப்போது நான் இருந்தேன். லைன் கிடைத்ததும், இரண்டு பக்கமும் பேச்சுக் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நாம் விலகிவிட வேண்டும். அப்படிப் பார்த்த அந்தச் சில நொடிகளுக்குள் எனக்குப் பழக்கமான ஒரு குரல் சொன்னது: "தம்பி, லாத்தா மவுத்தாயிருச்சு. அசர் தொழுகைக்குள்ள அடக்கம் பண்ணிருவோம். நீ வர வரைக்கும் வைக்க முடியாது." அது ஜைனம்பு லாத்தாவின் அண்ணன் குரல். எனக்கு முன்னால் போர்டில் அடுத்த அழைப்புக்கான பல்பு எரிந்தது. "நம்பர் ப்ளீஸ்" என்று என் வாய் சொல்லிற்று.

நம் எக்ஸ்சேஞ்சில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். குழந்தை தூங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் முழுவதும் ஓய்வறையில் அவரைப் பற்றி ஒரே பேச்சுத்தான். "மாத்திரை இருந்தும் சாப்பிடாம செத்துப்போனா. அவ்வளவு அலட்சியம்." நம்மில் பலருக்கு அவரால், தொற்றியிருக்குமோ என்று நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டி வந்தது. அந்தக் கோபம் நியாயம்தான். எனக்கும் இருக்கிறது. ஆனால் அலட்சியம் என்ற சொல்லை மட்டும் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு நாள் ஒரு காலில் என் செருப்பும் மறு காலில் என் வீட்டுக்காரரின் செருப்புமாக டியூட்டிக்கு வந்துவிட்டேன். கோட்டையூரிலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தும் எனக்குத் தெரியவில்லை. லாத்தாதான் முதலில் பார்த்தார்.

"தங்கச்சி, அந்த எடது காலு யாரோடது?"

"வீட்டுக்காரரோடது."

"அப்ப அவுக பாதிக் காலோடவா ஆபீசுக்குப் போனாக?"

நான் அழும் நிலைக்கு வந்துவிட்டேன். அவர் என்னை இங்குட்டு வா என்று மூலைக்குக் கூட்டிப்போய், தோளில் இழுத்துப் போர்த்தியிருந்த முந்தானையை விலக்கிக் காட்டினார். ரவிக்கையை உள்பக்கம் வெளியே வரப் போட்டிருந்தார். "காலையில இருந்து இப்படித்தான் மூடிக்கிட்டுத் திரியிறேன். நீயும் நம்ம கூட்டந்தான். பராக்குக் கூட்டம்." அன்றிலிருந்து, அவர் தம்பிகள் அக்காவைக் கூப்பிடுவது போல நானும் அவரை லாத்தா என்று கூப்பிடத் தொடங்கினேன்.

பராக்கு என்றால் சும்மா வேடிக்கை பார்ப்பது என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். எங்களுக்கு அது அப்படியில்லை. அரிசி களையக் குனிந்தால் ஜன்னலில் காயும் துணி நினைவுக்கு வரும். துணியை எடுக்கப் போனால் பாதியில் விட்ட கடிதம் கண்ணில் படும். கடிதத்தை எடுத்து உட்கார்ந்தால் அரிசி தண்ணீரிலேயே கிடக்கும். சாயங்காலம் பார்த்தால் எல்லாம் தொடங்கியிருக்கும், எதுவும் முடிந்திருக்காது. பி.ஏ. படிக்கும்போது என் ஆசிரியைகள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: புத்தி இருக்கிறது, பொறுப்பு இல்லை. நான் அதை நம்பியிருந்தேன். லாத்தாவிடம் ஒரு முறை அதைச் சொன்னபோது கேட்டார்: "பொறுப்பு இல்லாதவளுக்கு எதுக்குடி இம்புட்டு அழுகை வருது?" இதற்கு இங்கிலீஷில் ஏதாவது பெயர் உண்டா, மருந்து உண்டா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது.

போர்டில் அவர் எப்படி இருந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். தீபாவளிக்கு முந்தின நாள் எல்லாப் பல்பும் சேர்ந்து எரிந்து, சூப்பர்வைசரே நாற்காலியை விட்டு எழுந்து நிற்கும்போது, லாத்தா ஒருவர்தான் நிதானமாக இருப்பார். கூட்டமே இல்லாத மத்தியானத்தில்தான் தப்புச் செய்வார். விளக்கம் கேட்டு மெமோ எல்லாம் அப்படி வந்ததுதான். அதற்கு அவரே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். "போர்டுல பல்பு எரிஞ்சு நம்மளக் கூப்பிடுது. வீட்ல எது கூப்பிடுது? பாலு பொங்கிக் கருகின பெறகு நாத்தம்தான் கூப்பிடுது. அதுனால ஒவ்வொண்ணையும் கூப்பிட வைக்கணும்."

அப்படிக் கூப்பிட வைத்த வித்தைகள் பல. ஆபீசுக்கு எடுத்துப்போக வேண்டிய எதையும் பையில் வைக்காதே, வாசற்கதவின் தாழ்ப்பாளில் தொங்கவிடு. அதைத் தொடாமல் வெளியே போக முடியாது. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு நகர்ந்தால் கரண்டியைக் கையோடு கொண்டுபோ. எங்கே நின்றாலும் கை சொல்லும். இந்தக் கரண்டி வித்தையால் ஒரு நாள் நான் பஸ் நிறுத்தம் வரைக்கும் கரண்டியோடு வந்துவிட்டேன். கண்டக்டர், "என்னம்மா, பஸ்லயே பந்தி வைக்கப் போறீகளா?" என்றார். பிறகுதான் அடுப்பு நினைவு வந்து ஓடினேன். குழம்பு அடிப்பிடித்திருந்தது, வீடு பிழைத்தது. லாத்தாவிடம் சொன்னபோது, "பாத்தியா, பஸ் ஸ்டாப்புல வந்து கூப்பிட்டிருக்கு" என்றார்.

வித்தைகள் நிலைக்காது என்பதையும் அவர்தான் சொன்னார். விரலில் நூல் கட்டிப் பார்த்தோம். இரண்டு பேரும் நூலைப் பார்த்துக்கொண்டு, இது எதற்குக் கட்டினது என்று யோசித்துக்கொண்டிருந்தோம். "எந்த வித்தையும் புதுசா இருக்குற வரைக்குந்தான் வேலை செய்யும். பழசாயிட்டா கண்ணுக்குத் தெரியாது. அப்ப உக்காந்து அழுவாத. அதத் தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணப் புடி." எனக்கு அவர் சொன்னவற்றில் மிகவும் உதவியது இதுதான். அதற்கு முன்னால் ஒவ்வொரு முறை தோற்றபோதும், நானே முழுசாகத் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொள்வேன்.

குழந்தை பிறந்த பிறகு என் வீடு கைமீறிப் போயிற்று. துவைத்த துணி மலையாகக் கிடக்கும். அந்த நாட்களில் டியூட்டி முடிந்து போகிற வழியில் லாத்தா வருவார். வந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நான் வெட்கப்பட்டு, "நீங்க எதுக்கு லாத்தா கஷ்டப்படுறீக" என்றால், "நான் ஒண்ணுஞ் செய்ய வரல, செய்யவும் மாட்டேன். சும்மா உக்கார வந்திருக்கேன். நீ மடி" என்பார். அதிசயம் போல் மடித்துவிடுவேன். பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் எங்களுக்கு மனசு ஓர் இடத்தில் நிற்கிறது. ஏன் என்று தெரியாது. அவர் வீட்டுக்கு நானும் அப்படிப் போயிருக்கிறேன். ஒரு மெமோவுக்குப் பதில் எழுத முடியாமல் அவர் தள்ளிக்கொண்டே வந்தார். நான் போய்க் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த நேரத்துக்குள் எழுதி முடித்துவிட்டார்.

அவர் வீட்டில் வேறு யாரும் இல்லை. கணவர் பினாங்கில் கடையில் இருந்தார். ஒரு கட்டத்துக்குப் பிறகு அங்கிருந்து எதுவும் வரவில்லை. கணவரின் வீட்டார், இவளுக்குக் குடும்பம் நடத்தத் தெரியாது, புத்தி ஓரிடத்தில் நிற்காது என்று ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தார்கள். பிள்ளை இல்லை. என் மகள் அவர் மடியில்தான் அதிகம் தூங்கினாள்.

இடையில் அவருக்கு இருமல் வந்தது; தூசி என்றார். நாமும் தூசி என்றே நம்பினோம். அது காச நோய் என்று டாக்டர் சொல்லி, ஊசியும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தது அவர் அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். போர்டிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ஊசியை ஒரு நாள்கூட அவர் விடவில்லை என்று அண்ணன் சொன்னார். அங்கே நர்ஸ் காத்திருப்பார். மாத்திரையை வீட்டில் தனியாக இருந்து விழுங்க வேண்டும். மாதக் கணக்கில், ஒவ்வொரு நாளும். இருமல் நின்றது. மாத்திரையும் நின்றது.

அது எப்படி நின்றிருக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் ஒரு நாள் மறந்திருப்பார். மறுநாள் நினைவு வந்து வெட்கப்பட்டிருப்பார். அதற்கு அடுத்த நாள் அந்த டப்பாவைப் பார்க்கவே பிடித்திருக்காது; வேறெங்காவது நகர்த்தி வைத்திருப்பார். எங்களை மறதி கெடுப்பதைவிட, மறந்த பிறகு வரும் வெட்கம்தான் அதிகம் கெடுக்கிறது. நோய் திரும்பி வந்தபோது அந்த மாத்திரை அதற்குப் போதவில்லை.

லீவு போட்டுவிட்டுப் புதுவயலில் அண்ணன் வீட்டுக்குப் போனவரை நான் ஒரே ஒரு முறை பார்த்தேன். நடைவாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்.

"உள்ள வராத. அங்குட்டே நில்லு. பிள்ளையத் தூக்கிட்டு வரலையே?"

"இல்லை. ஏன் லாத்தா எங்கிட்டச் சொல்லல? நான் தினம் வந்து உக்காந்திருப்பேன்ல?"

மூச்சு வாங்கி, நின்று நின்று பேசினார். "துணி மடிக்கணும், வந்து உக்காருன்னு கேட்டுரலாம் தங்கச்சி. மாத்திரை முழுங்குறதுக்கும் ஒரு ஆளு வேணும்னு எப்படிக் கேக்குறது? கேட்டா சிரிக்க மாட்டாகளா?"

"நான் சிரிச்சிருக்க மாட்டேன்."

"நீ சிரிக்க மாட்ட. அதுகூட அப்பத் தோணல." பிறகு, "செருப்பு ரெண்டும் ஒன்னோடதுதானா?" என்று கேட்டார். நான் காட்டினேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

அதற்கடுத்த மாதம் என் மகளுக்குச் சாயங்காலம் தோறும் உடம்பு சுட்டது. சோறு இறங்கவில்லை. கழுத்தில் நெறி கட்டியது. காரைக்குடி டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பிரைமரி காம்ப்ளெக்ஸ், குழந்தைகளுக்கு வரும் காச நோய் என்றார். தினமும் மருந்து, பல மாதங்களுக்கு. ஒரு நாளும் விடக் கூடாது. நன்றாகிவிட்டது போல் தெரிந்தாலும் விடக் கூடாது என்றார். யாரிடமிருந்து வந்தது என்று கேட்டேன். அதை உறுதியாகச் சொல்ல முடியாதும்மா என்றார். என் மாமியார் உறுதியாகவே சொன்னார். நான் மறுக்கவில்லை. எந்த மடியில் என் பிள்ளையை நம்பிப் போட்டேனோ, அந்த மடியை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு எரிகிறது. இதை மறைத்து ஓர் அஞ்சலி எழுத என்னால் ஆகாது. அவரும் அதை விரும்பியிருக்க மாட்டார்.

மாமியார் நாச்சியாபுரத்திலிருந்து வந்திருந்தார். "மருந்து முடியிற வரைக்கும் பிள்ளைய எங்கிட்ட விட்டுரு. ஒனக்கு ஒன் தலையச் சீவவே ஞாபகம் இருக்காது. மறந்துட்டா பிள்ளை நமக்கு இல்ல" என்றார். வம்புக்குச் சொல்லவில்லை; பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கும் அதே பயம்தான். ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போவதாகப் பேச்சு. வியாழக்கிழமைதான் அந்த அர்ஜண்ட் கால் வந்தது.

புதுவயலுக்குப் போய், அவர் அண்ணன் வீட்டுப் பெண்களோடு சற்று நேரம் இருந்துவிட்டுத் திரும்பினேன். வந்ததும் மாமியாரிடம் போய் நின்றேன்.

"அத்தை, பிள்ளை என்கிட்டதான் இருக்கணும். மருந்தும் நான்தான் கொடுப்பேன். ஆனா கொடுக்கும்போது பக்கத்துல ஒருத்தர் உக்காரணும். நீங்க இல்லைன்னா அவுக. தினமும்."

"ஒரு மாத்திரையப் பொடி பண்ண ரெண்டு ஆளா? ஊரு கேட்டாச் சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும் அத்தை. ரெண்டு ஆளு வேணும்."

அவர் பெட்டியிலிருந்து தன் சேலைகளை எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டார். மறுநாள் காலையில், நான் மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்தபோது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இன்று காலையிலும் உட்கார்ந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் இன்னும் முழுதாக விடவில்லை. இப்போதே எதுவும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொல்கிறார்.

லாத்தாவின் வித்தைகளில் பாதி எனக்குப் பழசாகிச் செத்துவிட்டது, மீதியும் சாகும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, அவர் வாய்விட்டுக் கேட்க முடியாமல் போன அந்த ஒன்றைத்தான். நம் எக்ஸ்சேஞ்சில் எங்கள் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறீர்கள், முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு திரிகிறீர்கள், எனக்குத் தெரியும். என்னிடம் கேளுங்கள். எந்த வேலைக்கு என்று சொல்லக்கூட வேண்டாம். பிள்ளையோடுதான் வர வேண்டியிருக்கும், ஆனாலும் வந்து உட்காருகிறேன். சிரிக்க மாட்டேன்.