முடிச்சு மோதிரத்துக்கு ஏது சேதாரம்?

மில்லர்புரத்தில் வீட்டிலிருந்தே தங்கக் கம்பியை முடிச்சுப் போட்டு மோதிரம் செய்து விற்றுவந்தேன். கடைக்காரர்களைப் போலவே எடைக்கு மேல் கூலியும், வீணாகும் தங்கத்துக்கென்று சேதாரமும் சேர்த்துத்தான் விலை சொல்வேன்.

ஒருநாள் மாப்பிள்ளையூரணி அம்மா ஒருவர், மறுநாள் மகளுக்கு நிச்சயம் என்று மோதிரம் வாங்க வந்தார். விலையைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது.

“உருக்கல, அரம் போடல. சேதாரம் எங்கன போச்சு அண்ணாச்சி?”

நறுக்கிய கம்பி நுனிகள் தட்டிலேயே மின்னிக்கொண்டிருந்தன. தெரியாமல் சேதாரம் கேட்டுவந்தேன் என்று சொல்லமாட்டேன். காலையில் பெருமாளுக்கு விளக்கேற்றிய கை கூசியது. சீட்டில் சேதாரத்தை அடித்துவிட்டு, “கூலியிலயும் குறைச்சுக்கிடுதேன்” என்றேன்.

“அது எதுக்கு? விரல் நோவ முடிஞ்சிருக்கியள்ளா!” என்று முழுக் கூலியையும் சேர்த்துப் பணத்தை வைத்துவிட்டு மோதிரத்தோடு போனார்.

அதன்பின் நான் சேதாரம் கேட்டதில்லை. கூலி சொல்லக் கூசியதுமில்லை.