மூன்று கட்டை மேலே

அந்தப் பள்ளியின் பியானோ முன் முதல்முறை உட்கார்ந்தபோது, கட்டைகளைத் தொடுவதற்கு முன்பே என் இடது கை மேல்பலகைக்குப் போய் எதையோ தேடியது. வழவழப்பான கருப்பு மரம். அதில் ஒன்றுமில்லை.

"என்ன தேடுறீங்க?" என்றார் பள்ளி முதல்வர்.

"ஒண்ணுமில்ல மேடம்."

நான் தேடியது ட்ரான்ஸ்போஸ் பட்டனை. பியானோவில் அது கிடையாது என்று எனக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

வில்லியனூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில், பதின்மூன்று வயதிலிருந்து பாடல் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். எங்கள் பக்கத்துக் கோயில்களில் கீபோர்டு வாசிக்கிற பலரும் ஒரே ஸ்கேலில்தான் வாசிப்போம். சி மேஜர், வெள்ளைக் கட்டைகள் மட்டும். பாடுகிறவருக்குக் குரல் உயரமாக இருந்தால் விரல்களை மாற்றிக்கொள்ள மாட்டோம். பட்டனை அழுத்துவோம். விரல் அதே இடத்தில் இருக்கும், கருவி சுருதியை மட்டும் உயர்த்திக் கொடுக்கும். எங்கள் குழுவின் முதல் குரல் என் அம்மா. அவளுக்கு மூன்று. பூசை தொடங்குமுன் பட்டனை மூன்று முறை அழுத்துவேன். சின்னத் திரையில் +3 என்று வரும். பன்னிரண்டு வருடங்களாக அப்படித்தான்.

படித்தது இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ. ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சோதிக்கும் வேலை. சரியான ஒரு கருவியோடு ஒப்பிட்டு, எவ்வளவு விலகுகிறது என்று எழுதி, ஸ்டிக்கர் ஒட்டி அனுப்ப வேண்டும். ஜன்னல் இல்லாத அறை. ஒப்பந்த வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. கரிக்கலாம்பாக்கம் பக்கமிருந்த அந்தப் பள்ளியில் ஜூன் மாதத்திலிருந்து இசை ஆசிரியை தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். பியானோ ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. மேலே செஸ் போர்டுகளை அடுக்கியிருந்தார்கள். பக்கத்தில் பெரிய ஜன்னல், வெளியே வேப்பமரம். முதல்வர் செஸ் போர்டுகளைத் தானே எடுத்து வைத்து, உட்காரச் சொன்னார்.

சி மேஜரில் ஒரு பாட்டு வாசித்தேன். அவருக்குப் பிடித்திருந்தது. "ஆனா பியானோல அஞ்சாவது கிரேடு சர்டிஃபிகேட் வேணும்மா. அது இல்லாம மேனேஜ்மென்ட் ஒத்துக்காது. மே மாசம் பரீட்சை இருக்குல்ல, எழுதிட்டு வாங்க. அதுவரைக்கும் இந்த இடத்த வெச்சிருக்கேன்."

அந்த ஜன்னலும் அந்தப் பியானோவும் எனக்கு வேண்டியிருந்தன. என் இருபத்தைந்து வயதில் இவ்வளவு தெளிவாக வேறொன்றையும் விரும்பியதாக நினைவில்லை.

மூலக்குளத்தில் தன் வீட்டுக் கூடத்தில் பியானோ சொல்லித்தரும் ஒரு பெண்ணிடம் சேர்ந்தேன். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். தேர்வுக்கு அவர் எடுத்துக்கொடுத்த மூன்று பாடங்களில் ஒன்று ஈ ஃபிளாட் மேஜரில் இருந்தது. சி-யிலிருந்து கருப்புக் கட்டைகளையும் சேர்த்து எண்ணினால் சரியாக மூன்று கட்டை மேலே. அன்று அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை. மெலடி அழகாக இருந்தது. சம்மதித்துவிட்டேன்.

எப்படிப் பயிற்சி செய்வது என்பதை அவரிடமும் என்னிடமுமாகச் சேர்த்துக் கற்றேன். எதையும் சோதித்துப் பார்த்த பிறகே நோட்டில் எழுதினேன். முதலிலிருந்து வாசிக்கக் கூடாது. அப்படி வாசித்தால் தொடக்கம் மட்டும் நன்றாகி, கடைசிப் பக்கம் கடைசிவரை அந்நியமாகவே இருக்கும். பாடத்தை நான்கு நான்கு தாளமாக நறுக்கி, கடைசித் துண்டிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். தப்பு வர வழியே இல்லாத அளவுக்கு மெதுவாக வாசிக்க வேண்டும். இடது கைக்குத் தனியாக இரண்டு மடங்கு நேரம். ஒரு மணி நேரம் தொடர்ந்து உட்காருவதைவிடக் காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் மேல். வாசித்ததை ஃபோனில் பதிந்து, மறுநாள் கம்பெனி பஸ்ஸில் கேட்க வேண்டும். வாசிக்கும்போது கேட்காத தப்பெல்லாம் பஸ்ஸில் கேட்கும்.

கீபோர்டின் இடது ஓரத்தில் ஐந்து புளியங்கொட்டை வைப்பேன். ஒரு துண்டைத் தப்பில்லாமல் வாசித்தால் ஒரு கொட்டை வலப்பக்கம் போகும். ஒரு தப்பு விட்டால் போனவை எல்லாம் திரும்பி வரும். ஐந்தும் வலப்பக்கம் போனால்தான் தாளம் தட்டும் மெட்ரோனோமின் வேகத்தை நான்கு புள்ளி ஏற்றுவேன். அம்மா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "பல்லாங்குழி ஆடிக்கினு இருக்கியா, படிச்சிக்கினு இருக்கியா?" என்றாள்.

இவை எல்லாமே பலன் தந்தன. இன்று யார் கேட்டாலும் இவற்றைத்தான் சொல்வேன்.

நோட்டில் தினமும் மூன்று விஷயங்களை எழுதுவேன். தேதி, வேகம், தப்புகளின் எண்ணிக்கை. இரண்டாவது மாதம் புரட்டிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. சனிக்கிழமைக்குள் தப்பு ஒன்று, இரண்டு என்று இறங்கியிருக்கும். திங்கட்கிழமை எட்டு, ஒன்பது என்று ஏறிவிடும். மறுபடி வாரம் முழுக்க இறக்குவேன். மறுபடி திங்கட்கிழமை. முதலில் இரவு வேலையால் வந்த தூக்கக் குறைவு என்று நினைத்தேன். பகல் வேலை வாரங்களிலும் அப்படித்தான் இருந்தது. பிறகு தப்புகள் எங்கே விழுகின்றன என்று எழுதத் தொடங்கினேன். எல்லாம் அந்த ஈ ஃபிளாட் பாடத்தில். எல்லாம் ஒரே மாதிரி. கை திடீரென்று மூன்று கட்டை கீழே போய், சி-யில், வெள்ளைக் கட்டைகளில் விழுந்தது.

என் வேலையில் இரண்டு வகைப் பிழைகளைப் பார்ப்போம். ஒன்று முன்னும் பின்னுமாகச் சிதறும். திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுத்தால் குறைந்துவிடும். இன்னொன்று எப்போதும் ஒரே பக்கம், ஒரே அளவு விலகும். அதை எத்தனை முறை அளந்தாலும் குறையாது. கருவியையே திருத்த வேண்டும். என்னுடையது இரண்டாவது வகை. பன்னிரண்டு வருடங்களாக அம்மாவின் குரல் அந்த உயரத்தில் என் காதில் விழும்போதெல்லாம் என் விரல்கள் வெள்ளைக் கட்டைகளில் இருந்திருக்கின்றன. இப்போது பியானோவில் அதே சத்தம் எழுந்தால், காது கையை அங்கே அனுப்பிவிடுகிறது. வாரம் முழுக்கத் திருத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் +3 வைத்து, எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு வருகிறேன்.

மூலக்குளத்து ஆசிரியை நோட்டைப் பார்த்துவிட்டு, "பரீட்சை முடியுற வரைக்கும் கோயில்ல வாசிக்காதீங்க" என்றார்.

"வேற ஆள் இல்லீங்க."

"அப்ப பட்டனத் தொடாம வாசிங்க."

அடுத்த ஞாயிறு அதைச் செய்து பார்த்தேன். திரையில் பூஜ்யம். வருகைப் பாடலை உண்மையான ஈ ஃபிளாட்டில் தொடங்கினேன். முதல் சரணம் போயிற்று. இரண்டாவது சரணத்தில் என் கை மூன்று கட்டை கீழே விழுந்தது. அம்மா மேலே, நான் கீழே. ஜனங்கள் பாதிப் பேர் அவளோடு, பாதிப் பேர் என்னோடு. பலிபீடத்துக்கு வந்துகொண்டிருந்த பங்குச் சாமியார் ஒரு கணம் நின்று எங்கள் பக்கம் பார்த்தார்.

பூசை முடிந்ததும் அம்மா மைக்கை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "இன்னாடி ஆச்சு உனுக்கு? கை சுளுக்கிக்கிச்சா?"

எங்கள் குழுவில் குச்சியால் தட்டி ரிதம் பேட் வாசிக்கும் உறவுக்கார அண்ணன் வில்லியனூரில் மொபைல் கடை வைத்திருப்பவர். அவர் சும்மா இருக்க மாட்டார். "ஒரே ரோட்டுல எதிரெதிரா ரெண்டு பஸ்ஸு வந்த மாரி இருந்துச்சு சித்தி. நான் நடுவுல நின்னு ஹாரன் அடிச்சிக்கினு இருந்தேன்."

நான் விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"அந்தப் பட்டன அமுக்குனா கை மறந்துடுமா? பன்னெண்டு வருசமா மறக்காத கை?"

"அதான்மா பிரச்சன. அதத்தான் மறக்க மாட்டேங்குது."

அவளுக்குப் புரிந்தது என்றே நினைக்கிறேன். பாட்டுப் புத்தகங்களை அடுக்கினாள்.

தேர்வுத் தேதி வந்தது. எங்கள் பங்குத் திருவிழாவின் தேர்பவனி முடிந்த மூன்றாம் நாள். அதாவது கொடியேற்றத்தன்று தொடங்கி ஒன்பது மாலை நவநாள் பூசை, பத்தாம் நாள் தேர், பிறகு தேர்வு. பத்து நாளும் +3. அண்ணன் அரியாங்குப்பத்தில் கீபோர்டு வாசிக்கும் ஒருவரிடம் பேசி, எனக்குப் பதிலாகப் பத்து நாளுக்கும் வர ஒத்துக்கொள்ள வைத்தார். கொடியேற்றத்தன்று மத்தியானம் அவருக்கு வேலையில் ஷிப்டு மாறிவிட்டது. அண்ணன் ஃபோனில், "பாப்பா, அந்தாளு கைய விரிச்சிட்டாரு. இன்னா பண்லாம்?" என்றார்.

நான் பதில் சொல்லுமுன் அம்மா ஃபோனை வாங்கினாள். "ரிதம் பேட மட்டும் வெச்சிப் பாடிக்கலாம்பா. அது படிக்கட்டும்."

அன்று மாலை ஊர் முழுக்கக் கோயிலில் இருந்தது. நான் வீட்டில் கீபோர்டின் முன். புளியங்கொட்டை மூன்று வலப்பக்கம் போயிருந்தபோது ஒலிபெருக்கியில் அம்மாவின் குரல் வந்தது. தாங்குவதற்குக் கீபோர்டு இல்லாமல் பாடினால் சுருதி இறங்கும். முதல் சரணம் சரியாக இருந்தது. இரண்டாவதில் அரைக்கட்டை இறங்கினாள். மூன்றாவதில் இன்னும் இறங்கி, மேல் ஸ்வரத்துக்குப் போகும்போது குரல் கம்மி, பாதி வார்த்தை கேட்கவில்லை. அவள் தடுமாறுவதை நான் கேட்டதில்லை. தடுமாறாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலையாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டாள். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தாள்.

மறுநாள் மாலை கீபோர்டை உறையில் போட்டு ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு போனேன். யாரும் கூப்பிடவில்லை. யாராவது கூப்பிட்டிருந்தால், வர முடியாது என்று சொல்லியிருப்பேன்.

மீதி ஒன்பது நாள் மாலையும் வாசித்தேன். ஒரு தப்புகூட விடவில்லை. அம்மா மூன்றாவது சரணத்தில் கண்ணை மூடிப் பாடினாள். வெளியூர்ப் பாடல் குழுக்காரர்கள்கூட வந்து, "யாரு கீபோர்டு?" என்று விசாரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் எழுத வேண்டும். காலையில் எழுந்ததும் தேர்வுப் பாடத்தை எடுப்பேன். நான்காவது நாள் கொட்டை மூன்றைத் தாண்டவில்லை. ஆறாவது நாள் இரண்டு. தேர்பவனியன்று காலை ஒன்றுகூட வலப்பக்கம் போகவில்லை. எண்ணிக்கையை எழுதிவிட்டு, ஐந்தையும் எடுத்து டப்பாவில் போட்டேன்.

டவுனில் ஒரு கூடத்தில் தேர்வு. ஏசி ஓடியது. தேர்வாளர் நிதானமான ஒரு பெண், கையில் பென்சில். முதல் இரண்டு பாடங்கள் நன்றாகவே போயின. மூன்றாவதைத் தொடங்கினேன். நல்ல பியானோ. அந்தக் கூடத்தில் மெலடி எழுந்து சுற்றியபோது அது யாருடைய குரலின் உயரம் என்று என் காதுக்குத் தெரிந்துவிட்டது. எட்டாவது தாளத்தில் கை விழுந்தது. மூன்று கட்டை கீழே. நிறுத்தினேன்.

"அவசரமில்லை, மறுபடி தொடங்குங்கள்" என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார்.

மறுபடி தொடங்கினேன். அதே இடம். மூன்றாவது முறை கட்டைகளையே பார்த்துக்கொண்டு, கணக்குப் போட்டு, ஒவ்வொரு விரலாக வைத்துக் கடைசிவரை போனேன். அதற்குப் பெயர் வாசிப்பு இல்லை. பிறகு ஸ்கேல் கேட்டார். அதிலும் ஈ ஃபிளாட் இருந்தது.

சில வாரம் கழித்து முடிவு வந்தது. தேர்ச்சி இல்லை. அதிகம் இல்லை, கொஞ்சம்தான் குறைந்திருந்தது. குறிப்பில், தொடர்ச்சியான, கவனமான பயிற்சி தேவை என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தாளை என் நோட்டுக்குள், தேதியும் வேகமும் தப்பும் எழுதிய நான்கு மாதப் பக்கங்களுக்குப் பின்னால் வைத்தேன்.

பள்ளி முதல்வர் ஃபோனில் அன்பாகத்தான் பேசினார். வேறொருவரை எடுத்துவிட்டதாகவும், அவர் கீபோர்டு கொண்டுவந்துவிடுவதால் பியானோவைத் திறக்கத் தேவையிருக்காது என்றும் சொன்னார்.

மூலக்குளத்து ஆசிரியை அடுத்த தேர்வுக்கு வேறு பாடம் எடுக்கலாம் என்றார். பாடம் மாற்றினாலும் தேர்வில் கேட்கும் ஈ ஃபிளாட் ஸ்கேல் மாறாது. வெள்ளைக் கட்டையில் கழிந்த பன்னிரண்டு வருடத்தை ஒரு பக்கமும், நான் திருத்தக்கூடிய மாதங்களை மறுபக்கமும் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு ஞாயிறும் முதல் பக்கத்தில்தான் போய்ச் சேர்ந்தது. கை திருந்தும்வரை நான் கோயிலில் வாசிப்பதை விட வேண்டும். விடமாட்டேன் என்பது கொடியேற்றத்துக்கு மறுநாளே எனக்குத் தெரிந்துவிட்டது. அவரிடம், "யோசிச்சிச் சொல்றேன்" என்றேன். இன்னும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு பூசைக்குக் கீபோர்டைத் திறந்தேன். அண்ணன் குச்சிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "இன்னா பாப்பா, இன்னிக்கி பஸ்ஸு ஒன்வேதானே?" என்றார். நான் பட்டனை மூன்று முறை அழுத்தினேன்.

அம்மா மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தாள். "திருவிழாவுல இருந்து தொண்ட சரியாவே இல்லடி. ரெண்டு வை."

ஒருமுறை குறைத்தேன். திரையில் +2 வந்தது. விரல்களை சி-யில் வைத்தேன்.