அறுநூறு வருடத்துக்கு முந்திய கலியாணத்தை விசாரிக்க ஒஸ்லோ போன கதை

கடந்த பெப்ரவரியில் நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பேர்கனிலிருந்து ஒஸ்லோ போய் வந்தேன். ஏறத்தாழ அறுநூறு வருடங்களுக்கு முன் ஸ்கொட்லாந்தில் நடந்த ஒரு கலியாணத்தைப் பற்றி விசாரிக்கத்தான் போனேன். பழைய வம்சாவளி தேடி நோர்வே வர நினைப்பவர்கள் யாராவது இருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன். மற்றவர்கள் எங்கள் வீட்டுக் கூத்தாக வாசித்துக்கொள்ளலாம்.

என் அக்கா குடும்பம் ஒஸ்லோவில் குரோருட் பகுதியில் இருக்கிறது. அத்தான் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் தாய்மாமன் மகன்தான், அக்காவுக்கு உரிமை மாப்பிள்ளை. அவர்களுடைய ஒரே மகள் அபிராவும் அவளோடு வேலை செய்யும் இயன் என்ற ஸ்கொட்லாந்துப் பெடியனும் கலியாணம் செய்ய விரும்புகிறார்கள். அக்கா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பெடியன் நல்லவன்தான். அதை ஆர் இல்லையெண்டது? அவையின்ரை பகுதி, குடும்பம் என்னெண்டு தெரியாமல் எப்பிடி ஓம் எண்டுறது?" என்று எட்டு மாதமாக இழுத்தடித்தார்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசினால், யாரையாவது விட்டு அந்தக் குடும்பத்தைப் பற்றி நாலு இடத்தில் விசாரிப்பது வழக்கம். ஸ்கொட்லாந்தில் யாரிடம் விசாரிப்பது? அபிரா பகிடியாக இதை இயனிடம் சொல்லியிருக்கிறாள். இயனின் தகப்பன் அலன் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. மனிதர் இருபது வருடமாகத் தன் வம்சாவளியைத் தேடிக்கொண்டிருப்பவர். கேட்டதற்குப் பதிலாகப் பதினெட்டுப் பக்கம் அனுப்பிவிட்டார். உச்சியில், வடகடல் தீவுகள் நோர்வே அரசருக்குச் சொந்தமாக இருந்த காலத்தில் அவற்றை அவர் கையால் பெற்று ஆண்ட ஒரு ஸ்கொட்லாந்துப் பிரபு. அவரிலிருந்து கிளை கிளையாக இறங்கி, கடைசியில் இயன்.

அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அலன் நேர்மையான ஆள். மூன்றாம் பக்கத்தின் அடியில், பிரபுவின் திருமணம் திருச்சபை தடை செய்திருந்த வகையைச் சேர்ந்தது, பிள்ளைகளின் உரிமை பற்றி ஐயம் இருந்தது, காரணம் தெரியவில்லை, ஒஸ்லோ ஆவணக் காப்பகத்தில் உள்ள, தோலில் எழுதிய ஓர் ஓலையில் இருக்கலாம் என்று குறிப்பு எழுதியிருந்தார். அபிரா அதையும் விடாமல் தமிழில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். எங்கள் பிள்ளைக்கும் அதே நேர்மை.

அக்கா அன்றைக்கே என்னை அழைத்தார். "ஒழுங்கில்லாத கலியாணத்திலை வந்த சந்ததியாம். ஆற்றையோ பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு ஓடியிருப்பான்."

"அக்கா, அது அறுநூறு வருசத்துக்கு முந்தி."

"ரத்தம் பழசாகுமோ? நீ தாய்மாமன். நீதான் விசாரிக்கோணும்."

அலனுக்கு அப்போதுதான் முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது, பயணம் செய்ய முடியாது. அபிரா போனால் அம்மா நம்பமாட்டார். ஆக, மருத்துவமனை ஆய்வுகூடத்தில் இரத்த மாதிரிக் குப்பிகளுக்கு எண் ஒட்டும் நான், ஒரு பிரபுவின் மனைவி யாரென்று பார்க்கப் புறப்பட்டேன். அக்காவின் ஓம் அந்த ஓலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை காலை 7.50 ரயில். பேர்கனிலிருந்து ஒஸ்லோ 496 கிலோமீற்றர், ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு மாதம் முன்பே பதிந்ததால் 549 குரோணர். கடைசி வாரத்தில் எடுத்தால் இரட்டிப்பாகும். இடது பக்க யன்னல் நல்லது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பெப்ரவரியில் இரண்டு பக்கமும் வெள்ளைதான், உள்ள இடத்தில் உட்காருங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போவது உத்தமம். நான் இடியப்பமும் சம்பலும் கொண்டுபோனேன். முன் இருக்கைக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார், மூன்றாம் தடவை என்னவென்று கேட்டார், கொடுத்தேன்.

ஒஸ்லோ மத்திய நிலையத்திலிருந்து குரோருட்டுக்குச் சுரங்க ரயிலில் இருபது நிமிடம், 44 குரோணர். அக்கா வீட்டில் தங்கியதால் தங்கும் செலவு இல்லை. அதற்குப் பதிலாக அன்று மாலை முழுக்க அந்தப் பிரபுவைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தான் வழக்கம்போல வாய் திறக்கவில்லை.

அடுத்த நாள் காலை ஆவணக் காப்பகம். அது நகரின் வடக்கு முனையில், ஸொக்ன்ஸ்வான் ஏரிப் பக்கம் இருக்கிறது. குரோருட்டிலிருந்து ஐந்தாம் எண் வண்டி. ஒன்று கவனியுங்கள்: அதே வண்டியில் அசையாமல் இருந்தால் அது நகரை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டும். மயூர்ஸ்துவனில் இறங்கி மாறினால் நேரம் மிச்சம். வீட்டு வாசலிலிருந்து காப்பக வாசல் வரை எனக்கு 55 நிமிடம் எடுத்தது. பெட்டி முழுக்கப் பனிச்சறுக்குத் தடியோடு ஏரிக்குப் போகிறவர்கள். கோப்பு உறையோடு போன ஒரே ஆள் நான்தான்.

வாசிப்பு அறைக்குக் கட்டணம் இல்லை. பை, மேலங்கி, பேனை எல்லாவற்றையும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டச் சொல்வார்கள். உள்ளே பென்சில் மட்டும். இரண்டு வாரம் முன்பே மின்னஞ்சலில் கேட்டிருந்ததால், மரித் என்ற அலுவலர் எடுத்து வைத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், மெதுவாகப் பேசும் பெண். ஓலையைத் தொட விடமாட்டார்கள், அதன் படமும் லத்தீன் எழுத்தின் அச்சுப்படியும் கிடைக்கும். எனக்கு லத்தீன் தெரியாது என்றேன். தானே வாசித்து நோர்வேஜிய மொழியில் சொன்னார்.

பிரபு இறந்தபின் அவர் மகன் தீவுகளைத் தனக்குத் தரும்படி நோர்வே அரசரிடம் வந்திருக்கிறான். முறையான பிள்ளை என்று நிரூபிக்க, றோமிலிருந்து வாங்கிய மன்னிப்புக் கடிதத்தின் பிரதியைக் கொண்டுவந்திருக்கிறான். பெற்றோர் செய்த குற்றம் மன்னிக்கப்பட்டது, பிள்ளைகள் உரிமை உள்ளவர்கள் என்பது சாரம்.

"என்ன குற்றம்?" என்று கேட்டேன்.

மரித் குரலைத் தாழ்த்தினார். "அவர்கள் இரத்த உறவு. பெண், அவருடைய தாயின் சகோதரன் மகள்."

நான் காத்திருந்தேன். அவர் அச்சுப்படியை மடித்தார்.

"அவள் ஏற்கெனவே கலியாணம் செய்தவளோ?"

"இல்லை."

"கடத்திக்கொண்டு வந்தாரோ?"

"இல்லை, இல்லை. இதுதான் குற்றம். முழுவதும் இதுதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். மரித் ஒரு தாளில் பென்சிலால் வம்சத்தை வரைந்து, கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் இரண்டு கோடு போட்டார். சொந்தத்துக்குள் கட்டினால் அப்படித்தான் வரைவார்களாம். கோடுகள் சுற்றி வந்து மேலே ஒரே தாத்தாவில் முட்டுவது சிக்கலாக இருக்கும், மன்னியுங்கள் என்றார். எனக்கு ஒரு சிக்கலும் தெரியவில்லை. அது எங்கள் அக்கா வீட்டுப் படம். இத்தனை நாள் அக்கா திட்டிய மனிதர் மாமன் மகளைக் கட்டியிருக்கிறார். எங்களில் ஒருவருக்கும் அது ஊகமாகக்கூட வரவில்லை. எங்களுக்கு அது தடையாகவே தோன்றாதபோது எப்படி வரும்?

மரித் இன்னொன்றும் சொன்னார். அந்த மகனுக்கும், அலனின் உறுதியான முதல் மூதாதைக்கும் நடுவில் நாலு தலைமுறை காணவில்லை. பெயர் பொருந்துகிறது, சான்று இல்லை. ஆக, பிரபுவின் கலியாணம் சரிவந்துவிட்டது. அவர் அலனின் மூதாதைதானா என்பது யாருக்கும் தெரியாது. இருபது வருடம் தேடியவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி, காப்பகச் சிற்றுண்டிச்சாலையில் 39 குரோணருக்கு ஒரு கோப்பி குடித்தேன். கோப்பி சுமார்.

மாலை ஐந்தரைக்குப் பிட்டும் மீன்குழம்பும் முன்னால் இருக்க, கண்டதைச் சொன்னேன். அக்கா மரித்தின் தாளை வாங்கிப் பார்த்தார்.

"அப்ப வேறையொண்டும் இல்லையோ?"

"இல்லை. மாமன்ரை மகள். அதுதானாம் தடை."

"அப்ப நானும் தடைதான்," என்றார் அத்தான். அந்த இரண்டு நாளில் அவர் பேசிய முதல் முழு வசனம்.

அபிரா சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து இருந்தார்.

"நீ வயித்திலை இருக்கேக்கை, அபிரா, கிளினிக்கிலை ஒரு தாதி கேட்டவ, பிள்ளையின்ரை தகப்பன் உனக்குச் சொந்தமோ எண்டு. எனக்கு முன்னாலை போன தமிழ்ப் பிள்ளை ஒருத்தி ஓம் எண்டு சொன்னதாம். அதுக்குப் பிறகு அவை அந்தப் பிள்ளையைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். நான் இல்லை எண்டு சொன்னனான். போர்மிலையும் இல்லை எண்டுதான் போட்டது. வேலையிடத்திலையும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இண்டைக்கும் இல்லை."

"ஏன் அம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்லுறது? உன்ரை அப்பாவை நான் மறைச்சனான் எண்டோ?"

அத்தான் குழம்புக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அக்காவின் கலியாணத்தில் நான் மாப்பிள்ளைத் தோழன். முப்பது வருடமாக அந்த வீட்டில் சாப்பிடுகிறேன், இது தெரியாது. மருத்துவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு, ஆய்வுகூடத்தில் இருக்கிற நான் அதை மறுக்கமாட்டேன். இப்போது நோர்வேயிலும் அப்படிப் புதிதாகக் கட்ட முடியாது. அது வேறு. அத்தானை ஒரு தாளில் இல்லை என்று எழுதியது வேறு.

வெள்ளிக்கிழமை அலனோடு காணொளியில் கதைத்தோம். பிரபுவின் கலியாணச் செய்தியைக் கேட்டு மகிழ்ந்தார். நாலு தலைமுறை இடைவெளியைச் சொன்னதும் தன் பதினெட்டுப் பக்கத்தையும் எடுத்துப் புரட்டினார். பிறகு, பிழையான பெயரைவிட வெற்றிடம் மேல், அந்த இடத்தை வெறுமையாகவே விடுகிறேன் என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பெண் வீட்டு வம்சத்தையும் அதே தாளில் சேர்க்க விரும்புகிறேன், தருவீர்களா என்று கேட்டார். அபிரா மொழிபெயர்த்தாள். அக்கா யோசிப்பதாகச் சொல்லச் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. காப்பகத்துக்கு முன்கூட்டியே எழுதுங்கள், திடீரென்று போய் நின்றால் பழைய ஓலைகள் கிடைக்காது. திறந்திருக்கும் நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். லத்தீன் தெரியாவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள், உதவுகிறார்கள். நான்கு நாளில் என் மொத்தச் செலவு, ரயில் போக வர உட்பட, 1,480 குரோணர். முக்கியமாக, பழைய குடும்பத்தில் எதையாவது கண்டுபிடித்துத் தீர்ப்புச் சொல்ல நினைத்துப் போகாதீர்கள். தாள் யார் வீட்டுக்குத் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது.

சனிக்கிழமை மதியம் 12.03 ரயில். நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, அக்கா சமையலறை மேசையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, எங்கள் அம்மாவின் பெயரையும் மாமாவின் பெயரையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதினார். அதன் கீழே தன் பெயர், அத்தானின் பெயர். நடுவில் ஒரு கோடு போட்டார். அத்தான் பின்னால் வந்து நின்றார். அக்கா அவரை நிமிர்ந்து பார்க்காமல், அந்தக் கோட்டுக்குக் கீழே, அளவுகோல் வைத்து, இன்னொரு கோடு போட்டார்.

"இதை அலனுக்கு அனுப்பு," என்று அபிராவிடம் தாளைக் கொடுத்தார். "ஆவணியிலை கலியாண மண்டபம் கிடைக்குமோ எண்டும் விசாரி."