பெரியக்காவின் கீழறை காய்ந்த கதை

பெரியக்கா என்றுதான் எல்லாரும் அவளைக் கூப்பிடுவார்கள். கூடப் பிறந்தவர்கள் மட்டுமல்ல, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு மூத்தவர்கள்கூட அப்படித்தான். அவள் வேலை ஈரத் துணிகளை உலர்த்தித் தேய்ப்பது. காய்ச்சலில் நனைந்த விரிப்பு, பிரசவ அறைத் துணி, டாக்டர்களின் மேலங்கி, எல்லாம் அவள் கைக்குச் சொதசொதவென்று வந்து மடிப்பு மடிப்பாகப் போகும்.

ஊரார் படுக்கையை எல்லாம் விரித்துக் கொடுத்தவளுக்குச் சொந்தமாக ஓர் அறை இருந்ததில்லை. பிறந்த வீட்டில் அடுப்பங்கரை. வேலைக்கு வந்த புதிதில் விடுதியில் வரிசைக் கட்டில். அதன் பிறகு தம்பி வீட்டுக் கூடம். கூடத்தில் படுக்கிறவள் வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு பாய் விரிக்க வேண்டும், எல்லாருக்கும் முன்னால் சுருட்ட வேண்டும். தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் அவளைத் தாண்டித்தான் போவார்கள். அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் கடவுளிடம் பேசும்போது மட்டும், "ஒரு கதவு குடு சாமி, போதும்" என்று கேட்பாள்.

தம்பி பஸ் ஓட்டுகிறவன். அவன் வீட்டுக்கு அடியில், தெருமட்டத்துக்குக் கீழே ஓர் அறை உண்டு. உடைந்த நாற்காலியும் பழைய டயரும் கிடந்த இடம். ஒரு விடுமுறையில் அவன் அதைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, கட்டிலும் மெத்தையும் தலையணையும் போட்டு, உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்த கதவும் மாட்டினான்.

"இனிமே இது உன் ரூம், பெரியக்கா. உள்ள பூட்டிக்கிட்டு ராணி மாதிரி தூங்கு."

"ராணிக்குக் குறட்டை வரும்டா" என்றாள். சிரித்துக்கொண்டே கதவைத் தடவிப் பார்த்தாள். ஜன்னலுக்கு ஒரு திரை தைத்துவிட்டுக் குடிபோகலாம் என்றிருந்தாள். திரை தைத்து முடிவதற்குள் மழை வந்தது. விடாமல் வந்தது. தெருவுக்குப் பின்னால் ஓடிய கால்வாய் கரையை உடைத்துக்கொண்டது.

விடிந்ததும் தம்பி முதலில் கரண்ட் மெயினை இறக்கினான். பிறகுதான் படிக்கட்டுக் கதவைத் திறந்தார்கள். பெரியக்கா மேல்படியில் நின்று பார்த்தாள். பாதிச் சுவர் வரைக்கும் தண்ணீர். ஒரு சத்தம் இல்லை. இரவெல்லாம் அத்தனை ஆட்டம் ஆடிய தண்ணீர், உள்ளே வந்து பூனைபோல் படுத்திருந்தது. உயரத்தில் இருந்த சின்ன ஜன்னல் வழியே வந்த வெளிச்சம் தண்ணீரில் பட்டு மேல்தளத்தில் நெளிந்தது. அவள் தலையணை மெல்லச் சுற்றிச் சுற்றி மிதந்தது. வயிற்றெரிச்சலில் அழ வேண்டியவள், வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள். தன் அறை இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

தெருத்தெருவாகத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த மோட்டார்காரர் வந்தார். பெரிய மீசை, சின்னக் குரல்.

"என்னண்ணே, சாயங்காலத்துக்குள்ள மொத்தமா இறைச்சிரலாமா?" என்றான் தம்பி.

"இறைச்சிரலாம். அப்படியே வீட்டையும் சேத்து இறைச்சிரலாம்."

"ஏன்ணே?"

"வெளியில மண்ணு தண்ணி குடிச்சு உப்பிக் கெடக்கு. அது சுவத்தை உள்ள தள்ளுது. உள்ள இருக்கற தண்ணி அதை வெளிய தள்ளுது. ஒரேயடியா உள்ள இருக்கறதை எடுத்தீங்கன்னா, சுவரு வந்து உங்க கட்டில்ல படுத்துக்கும். கொஞ்சம் இறைப்போம், நிறுத்துவோம். வெளிமண்ணு வடிய வடிய இறைப்போம்."

பெரியக்காவுக்குச் சிலிர்த்துப்போயிற்று. "அப்போ என் ரூமைக் கெடுத்த தண்ணிதான் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதா?"

"ஆமாம்மா. நன்றி சொல்லி அனுப்பி வைங்க."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அவள் நிஜமாகவே கைகூப்பினாள்.

சுவரில் கரியால் கோடு போட்டு, அது வரைக்கும் இறைத்து, மோட்டாரை நிறுத்தினார்கள். மறுநாள் அடுத்த கோடு. தண்ணீர் போன பிறகு சேறு இருந்தது. மாவுபோல நயமான சேறு, பிணநாற்றம். தம்பியும் அவன் மனைவியும் பெரியக்காவும் முறத்தால் வாரி வாளியில் போட்டுப் படியேற்றினார்கள். மெத்தை தண்ணீர் குடித்துக் கல்லாகக் கிடந்தது.

"இதைத் தூக்கறதுக்கு உங்க தம்பியைத் தூக்கிடலாம், பெரியக்கா" என்றாள் தம்பி மனைவி.

"அவனைத் தூக்கி எங்கம்மா போடறது? இதையாவது குப்பைக்காரன் எடுத்துக்குவான்."

"ரெண்டு பேரும் நல்லா இருங்க" என்று தம்பி மெத்தையின் மறுமுனையைப் பிடித்தான்.

சுவரைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். தண்ணீர் நின்ற உயரம் வரைக்கும் பூச்சு ஊறிப் பொத்துப் பொத்தென்று உதிர்ந்தது. மிச்சத்தைக் கொத்திவிட்டார்கள். உள்ளே செங்கல், வெட்டிய சதைபோல், செக்கச்செவேலென்று ஈரமாக இருந்தது.

அங்கேதான் தம்பி தயங்கித் தயங்கி வாயைத் திறந்தான். "பெரியக்கா, தப்பா எடுத்துக்காதே. அடுத்த மழைக்குள்ள இது காயலைன்னா மண்ணை அடிச்சு ரூமை மூடிடலாம்னு இருக்கேன். பூஞ்சணம் பிடிச்சா வீடு முழுக்கப் பரவும். பாப்பாவுக்கு ஏற்கெனவே இளைப்பு."

அவன் மகள் மூச்சுக்கு இழுப்பதைக் கூடத்தில் படுத்து எத்தனையோ இரவு கேட்டவள் பெரியக்காதான். "மூடிடுப்பா. பிள்ளையைவிட ரூமா பெரிசு?" என்றாள். சொல்லிவிட்டு, "ஆனா அதுவரைக்கும் என்கிட்ட விடு. ஈரம் காய வைக்கறது என் பொழைப்புடா" என்றாள்.

பிழைப்புதான் அவளை ஏமாற்றியது. சலவைக்கூடத்தில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அனல். அனல் இருந்தால் துணி காயும். அதனால் கீழறை ஜன்னலை இறுக்கி மூடினாள். கதவையும் சாத்தி, இடுக்குகளில் பழந்துணி அடைத்தாள். கரண்ட் அடுப்பு இரண்டை மேலிருந்து ஒயர் இழுத்து உள்ளே எரியவிட்டாள். அறை வெந்தது. 'இதுக்குள்ள கல்லும் காயும்' என்று நிம்மதியாக ஏறிப் போனாள்.

காலையில் திறந்து பார்த்தால், மேல்தளத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. நேற்று வரை காய்ந்திருந்த மேல்சுவரிலும் நீர் கோடு கோடாக வழிந்தது. மூலையில் கறுப்பாகப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம் பூத்திருந்தது.

"அறைக்கே காய்ச்சல் வந்த மாதிரி வேர்க்குதே, பெரியக்கா" என்றாள் தம்பி மனைவி. தம்பி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். மண் லாரிக்காரனிடம் அவன் போனில் விசாரிப்பது மட்டும் கேட்டது.

அன்று வேலையில் அவள் கை ஓடியது, மனம் ஓடவில்லை. தேய்க்கும் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய காற்றாடி உண்டு. சலவைக்கூடத்துப் பெண்கள் அதற்குப் 'பிசாசு' என்று பெயர் வைத்திருந்தார்கள். பேசவிடாது, பாடவிடாது, ஓயாத இரைச்சல். இத்தனை வருஷமும் அதைத் திட்டிக்கொண்டே தேய்த்தவள், அன்றைக்குத் திட்ட மறந்து உற்றுப் பார்த்தாள். அதன் முகம் உள்ளே பார்க்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு வேளையில் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். பின்பக்கம் அவள் போனதே இல்லை. சுவரில் காற்றாடியின் வாய் தெரிந்தது. கையை நீட்டினாள். வெதுவெதுப்பான, ஈரமான மூச்சு உள்ளங்கையில் மோதியது. கை நனைந்துவிட்டது.

கையை அவள் பின்னுக்கு இழுக்கவில்லை. அவள் உலர்த்திய துணிகளின் ஈரமெல்லாம் இந்த வழியாகத்தான் போயிருக்கிறது. யார் யாருடைய காய்ச்சல் வியர்வை, பிள்ளை பெற்றவளின் பனிக்குட நீர், பக்கத்தில் உட்கார்ந்து அழுதவர்களின் கண்ணீர், எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் இந்த வாய் வழியே வானத்துக்கு ஏறிப்போயிருக்கிறது. அனல் ஈரத்தைக் கிளப்பத்தான் செய்யும். அதைக் கூட்டிக்கொண்டு போக வேறொருவர் வேண்டும். "உன்னையா பிசாசுன்னு சொன்னேன்" என்று அந்த இரும்பு வாயிடம் சொல்லி, ஈரக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனதும் இடுக்கில் இருந்த துணிகளைப் பிடுங்கினாள். பூஞ்சணத்தைத் துடைத்தெடுத்தாள். படிக்கட்டுக் கதவைத் திறந்தாள். ஜன்னலைத் திறந்து, அதன் விளிம்பில் மேசைக் காற்றாடியைத் தெருவைப் பார்த்து வைத்துச் சுழலவிட்டாள்.

டியூட்டி முடிந்து வந்த தம்பி தெருவில் நின்று பார்த்தான். "என்ன பெரியக்கா, தெருவுக்கு வேர்க்குதா?"

"நீ சும்மா வாடா."

"காத்து உள்ள வரத்துக்குத்தான் எல்லாரும் ஃபேன் வைப்பாங்க."

"உள்ள வரவேண்டியது வந்தாச்சு. இப்போ போக வேண்டியது போகட்டும். லாரிக்காரனை மட்டும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு."

வெயில் நாளில் திறந்தாள், சாரல் வந்தால் மூடினாள். கொஞ்ச நாளில் செங்கல்லின் மேல் வெள்ளையாகப் பஞ்சுபோல் ஏதோ முளைத்தது. மறுபடியும் பூஞ்சணமோ என்று பதறினாள். விட்டுப்போன குழாயை எடுக்க வந்த மோட்டார்காரர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பும்மா. சுவத்துக்குள்ள இருந்த தண்ணி வெளிய வந்து பறந்துபோச்சு. தூக்க முடியாததை வாசல்ல வெச்சிட்டுப் போயிருக்கு. பிளாஸ்டிக் தாள் ஒண்ணைச் சுவத்துல நாலு பக்கமும் இறுக்கி ஒட்டிப் பாருங்க. காலையில உள்பக்கம் முத்துக் கட்டலைன்னா காய்ஞ்சிருச்சு."

ஒட்டினாள். காலையில் தாளுக்குப் பின்னால் முத்து முத்தாக நீர். துடைத்து மறுபடி ஒட்டினாள். மறுபடி முத்து. கல்லுக்குள் இவ்வளவு தண்ணீரா என்று அதிசயமாக இருந்தது. பயமாகவும் இருந்தது, ஏனென்றால் வானம் மறுபடி கறுக்கத் தொடங்கியிருந்தது. முத்துகள் மெல்ல மெல்லச் சிறுத்தன. கடுகாயின. பிறகு மூச்சுப் பட்ட கண்ணாடிபோல் வெறும் மங்கல்.

மேகம் திரண்டு நின்ற ஒரு காலையில் அவள் தம்பியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். தாள் பளிங்காக இருந்தது. தம்பி விரலால் தடவினான், கன்னத்தைச் சுவரில் வைத்துப் பார்த்தான். மேலே ஏறிப் போனான். கால்வாய்க் கரையை உயர்த்திக் கட்டியாகிவிட்டதை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு லாரிக்காரனுக்குப் போன் போட்டு, "மண்ணு வேண்டாம்ணே. மெத்தை ஏத்திக்கிட்டு வருவீங்களா?" என்று கேட்டான்.

பூச்சு பூசி, மழை தள்ளிப்போன நாட்களில் அதுவும் உலர்ந்து, புது மெத்தை வந்த அன்று மத்தியானம் பெரியக்கா உள்ளே போனாள். தாழ்ப்பாளைப் போட்டாள். கட்டிலில் காலை நீட்டிப் படுத்தாள். யாரும் தாண்டிப் போகவில்லை. வெளியே மழை பெய்யத் தொடங்கியது. சுவரில் கை வைத்தாள். சுவர் அவள் தேய்த்த விரிப்புபோல் மொரமொரவென்று இருந்தது.

டொக் டொக் என்று ஒரு சத்தம்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. எழுந்து உட்கார்ந்தாள். மறுபடியும் டொக் டொக். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அவள் கதவை. வாழ்நாளில் அவளைக் கேட்டு யாரும் உள்ளே வந்ததில்லை. வருவதற்கு 'உள்ளே' என்று ஒன்று இருந்ததே இல்லை. விரிப்பைக் கையால் நீவிவிட்டாள்.

"பெரியக்கா, நான்தான்" என்றது தம்பி மனைவியின் குரல். "காப்பி கொண்டாந்திருக்கேன். வரலாமா?"

அவள் கண்ணை மூடி, கேட்ட கதவைக் கொடுத்த சாமியை ஒரு நொடி நினைத்துக்கொண்டாள். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, பழக்கப்பட்டவள்போல், "யாரு?" என்றாள்.

"நான்தான்னு சொல்றேனே!"

"தெரியும்மா. இன்னொரு தடவை தட்டேன்."